நடுத்தெருவில் உட்கார ஓர் இடம்

எங்கள் நகரைப் பற்றி வீட்டுத் தரகர்கள் சொல்வது எதுவும் பொய் இல்லை. தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் என்பார்கள். விடியற்காலையில், மழையில்லாத நாளில், சிக்னலை மதிக்காத ஆட்டோ கிடைத்தால் பத்து நிமிடம்தான். நடக்கும் தூரத்தில் பள்ளிக்கூடங்கள், சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடைகள் என்பார்கள். எல்லாம் இருக்கின்றன. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிற பரிசோதனைக் கூடங்கள் மட்டும், கொசுவுக்குப் போட்டியாக, மூலைக்கு ஒன்று இருக்கின்றன. பூங்கா ஒன்று உண்டு. அதில் புல் பச்சையாக இருக்கும், ஊஞ்சல் துருப்பிடிக்காமல் இருக்கும். யாரும் உள்ளே போய்க் கெடுத்துவிடக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் அதைப் பூட்டியே வைத்திருக்கிறது. வெளியிலிருந்து கம்பி வழியாகப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

இத்தனை வசதிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் இல்லை என்பது எனக்குப் போன வருடம்தான் தெரிந்தது. எங்கள் தெருவில் ஒரு மனிதன் உட்கார இடம் கிடையாது. பணம் எடுக்கும் இயந்திரம் இருக்கிற கட்டிடத்தின் படியில் கிரானைட்டைச் சாய்வாகப் பதித்திருக்கிறார்கள், உட்கார்ந்தால் வழுக்கும். மருந்துக்கடைக்காரர் தன் வாசல் திண்டில் வரிசையாகக் கம்பி முனைகளை நட்டு வைத்திருக்கிறார். வீட்டுச் சுவர்களின் மேல் கண்ணாடித் துண்டுகள். நிற்கலாம், நடக்கலாம், வண்டியில் பறக்கலாம். உட்கார வேண்டுமானால் யார் வீட்டுக்காவது விருந்தாளியாகப் போக வேண்டும். என் வேலைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் "உட்கார், உட்கார்" என்று பிள்ளைகளை அதட்டியே தொண்டை கட்டிப்போனவள் நான். ஓய்வு பெற்ற பிறகு உட்கார இடம் தேடி அலையவேண்டி வந்தது.

எனக்காக இல்லை, என் வீட்டுக்காரருக்காக. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய் அடுத்தவர்களைக் கேள்வி கேட்பதுதான் அவர் உத்தியோகம். அதனாலோ என்னவோ, தன்னை யாராவது கேள்வி கேட்டால் அவருக்கு ஆகாது. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால்கூட, எதற்குக் கேட்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிப்பார். போன வருடம் ஒரு நாள் காலையில் பல் துலக்கப் போனவருக்கு பிரஷ் கையிலிருந்து நழுவியது. ஸ்ட்ரோக். ஆஸ்பத்திரி, ஜெபம், சொந்தக்காரர்கள் வாங்கி வந்த ஆர்லிக்ஸ் பாட்டில்கள் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது இடது கால் மட்டும் அவர் சொன்ன பேச்சைக் கேட்காமல் இழுத்துக்கொண்டு வந்தது. பேச்சு பாதிக்கப்படவில்லை என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். அதை இவர் முன்பும் அதிகமாகப் பயன்படுத்தியதில்லை.

அவர் பேசுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், தெருமுனை சலூன். எங்கள் வீடு தெருவின் ஒரு கோடியில் இருக்கிறது. மறு கோடியில், தெரு மெயின் ரோட்டைத் தொடுகிற இடத்தில் சலூன். ஒரு சனி விட்டு ஒரு சனி அங்கே போவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தலைமுடி சீராக இருக்கவேண்டும் என்பது காரணம். முடி வெட்ட எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியாதா? போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். அங்கே அரசியல் பேசுவார் என்றும், சில சமயம் சிரிப்பார் என்றும் பக்கத்து வீட்டில் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். வீட்டில் அந்தக் காட்சி எனக்குக் காணக் கிடைத்ததில்லை.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு சலூன்காரரே வீட்டுக்கு வர ஆரம்பித்தார். நல்ல மனிதர், நான் கூப்பிட்ட உடனே வருவார். பின்கட்டில் ஸ்டூல் போட்டு, பழைய பெட்ஷீட்டைச் சுற்றி, முடி வெட்டிவிட்டுப் போவார். அவ்வளவு நேரமும் இவர் கண்ணை மூடிக்கொண்டே இருப்பார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். முதல் தடவை சலூன்காரர் கிளம்பிப் போனதும் இவர் சொன்னார், "செத்தவனுக்குத்தான் வீட்டுக்கு வந்து ஷேவ் பண்ணுவாங்க." பெட்ஷீட்டை உதறுகிற சாக்கில் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். இவர் தன் காலால் நடந்து அந்த சலூனுக்குப் போகவேண்டும், அதைப் பார்க்காமல் நான் கண்ணை மூடக் கூடாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பிசியோதெரபி செய்ய வரும் பெண்ணும் அதைத்தான் சொன்னாள். "நடக்கணும் அங்கிள். களைச்சா உட்காரணும், மறுபடி நடக்கணும். உட்கார்ந்து எழுந்திருக்கிறதுதான் எக்சர்சைஸே." அவரால் பாதித் தெரு வரைக்கும் நிற்காமல் நடக்க முடிந்தது. பாதியில் ஒரு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் மீதியையும் நடந்துவிடலாம். ஆக, எங்களுக்குத் தேவைப்பட்டது நடுத்தெருவில் ஒரே ஒரு பெஞ்சு.

சங்கக் கூட்டத்தில் கேட்டேன். கூட்டம் செயலாளர் வீட்டு மொட்டைமாடியில் நடக்கும். செயலாளர் சிறுசேரியில் பெரிய வேலையில் இருப்பவர், தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பார். "டீச்சர், திஸ் இஸ் எ வெரி குட் சஜஷன். சீனியர் சிட்டிசன்ஸுக்கு நாம ஏதாவது பண்ணியே ஆகணும்" என்றார். கை தூக்கச் சொன்னார். ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள். எங்கள் சங்கத்தில் தண்ணீர் லாரி எந்தப் பக்கமாக வரவேண்டும் என்பதில்கூட இவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

பெஞ்சைத் தருவதாக எழுந்தவர் எங்கள் பழைய நிலக்காரர். இந்தத் தெரு மொத்தமும் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து வயல். இப்போது மெயின் ரோட்டில் கடைகளும் கல்யாண மண்டபமும் வைத்திருக்கிறார். "எங்க வயல்ல வூடு கட்டிகினு எல்லாரும் நடக்குறீங்க. உக்கார ஒரு எடம் இல்லன்னா எனக்கு இன்னா மரியாதை கீது? எங்கப்பா பேர்ல நான் போட்டுத் தரேன்" என்றார். சொன்னபடியே சிமெண்ட் பெஞ்சு வந்தது. முதுகுச் சாய்வில் நீலப் பட்டை அடித்து, 'உபயம்' என்று தொடங்கி, அவர் பெயரும் அவர் அப்பா பெயரும் பட்டையை அடைத்துக்கொண்டு நின்றன. உட்காருகிறவர்கள் கொஞ்சம் ஓரமாக உட்கார்ந்தால் பெயர் மறையாது என்று அவர் ஆசைப்பட்டார். அது நியாயமான ஆசைதான். பெஞ்சு கொடுத்தவருக்கு அந்தப் பட்டைதான் முக்கியம், பலகை இரண்டாம்பட்சம்.

நடுத்தெருவில் ஒரு வீட்டுச் சுவரை ஒட்டிப் பெஞ்சைப் போட்டார்கள். அந்த வீட்டம்மாவின் பெண் டாக்டர் படிப்புக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டே நாளில் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு கிண்ணம் பாயசம் வேறு.

"டீச்சர், எனக்கு எந்த அப்ஜெக்‌ஷனும் இல்ல. சார் தாராளமா உட்காரட்டும். ஆனா பெஞ்சுன்னு ஒண்ணு இருந்தா சார் மட்டுமா உட்காருவாரு?"

அவர் சொன்னதும் உண்மைதான். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவரும் பையன்கள் இரண்டு பேர், ஊருக்கெல்லாம் சாப்பாடு கொடுத்துவிட்டு, தங்கள் சாப்பாட்டை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு, கை கழுவி, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். பெண் படிக்கிற ஜன்னலுக்கு நேரே. "பேசிக்கிட்டு இருந்தாங்க டீச்சர்" என்று அந்த அம்மா சொன்ன விதத்தைக் கேட்டால், ஏதோ வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டது போல இருந்தது. பாயசத்தில் ஏலக்காய் தூக்கலாக இருந்தது.

பெஞ்சு அடுத்த வீட்டு முன்னால் போனது. அங்கே வாசலுக்கு எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு எது இருந்தாலும் வாஸ்துப்படி கூடாது என்றார்கள். திருப்பிப் போடலாம் என்றேன். திருப்பிப் போட்டால் உட்காருகிறவர்கள் வீட்டுக்குள் பார்ப்பார்கள் என்றார்கள். அதற்கடுத்த வீட்டில், பொத்தேரிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் ஜோடியாக வந்து உட்காருவார்கள் என்றார்கள். பொத்தேரிக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் எத்தனை ஊர்கள், எத்தனை மர நிழல்கள் இருக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு எங்கள் தெரு சிமெண்டைத் தேடி எந்த ஜோடி வரும்? இதுவரை யாராவது வந்தார்களா என்று கேட்டேன். "வந்தப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார் அந்த வீட்டுக்காரர். அதற்கடுத்த வீட்டு நாய்க்குப் பெஞ்சைக் கண்டாலே பிடிக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். 'சிறு மாற்றம் மட்டுமே, ஒத்துழைப்புக்கு நன்றி.' கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நிலக்காரர் ஆள் அனுப்புவார். அவர்கள் பெஞ்சைத் தூக்கி ஒரு வீடு தள்ளி வைப்பார்கள். எல்லாரும் பெஞ்சு வேண்டும் என்றுதான் சொன்னார்கள். என் வாசலில் மட்டும் வேண்டாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் அந்த மாதங்களில் நடந்ததைவிடப் பெஞ்சு அதிகமாக நடந்தது. நடந்து நடந்து கடைசியில் ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. அதற்கு மேல் தெரு இல்லை, ஆட்சேபணை சொல்ல ஆளும் இல்லை.

வாசலில் இறங்கின உடனே உட்கார இடம் கிடைத்து யாருக்கு என்ன லாபம்? எனக்கு ஆத்திரமாக வந்தது. இவர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, "நான் போய்ப் பார்க்க முடியலைன்னு அதுவே வந்துடுச்சு" என்றார்.

சரி, பெஞ்சு இல்லாவிட்டால் போகிறது என்று நான் கூடவே நடந்து கூட்டிப்போனேன். நடுத்தெருவில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஊன்றுகோலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்ற இடம் பாயச அம்மா வீட்டு வாசல். கேட் திறந்தது. அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "சார் உட்காருங்க, உட்காருங்க. ஐயோ, ஏன் டீச்சர் நிக்க வெச்சிருக்கீங்க?" என்று என்னைக் கடிந்துகொண்டார். புடவைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்தார். உள்ளே ஓடி மோர் கொண்டுவந்தார். மனசாரச் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தெருக்காரர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்கிற இருக்கைதான் அவர்களுக்குப் பயம். இன்னார் உட்கார இன்னார் கொடுத்தது என்றால் உயிரைக் கொடுப்பார்கள். எழுந்ததும் நாற்காலியை உள்ளே எடுத்துப்போய்விடலாம், அதுவும் ஒரு வசதி.

மோருடன் கேள்விகளும் வந்தன. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், பிரஷர் எவ்வளவு, தூக்கம் வருகிறதா, மோஷன் ஒழுங்காகப் போகிறதா? கடைசிக் கேள்வியைத் தெருவில் வைத்துக் கேட்டார். அடுத்த நாள் வாஸ்து வீட்டுக்காரர் தன் நாற்காலியையும் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒரு தைலத்தின் பெயரைச் சொல்லி, தன் மைத்துனருக்கு இரண்டாவது ஸ்ட்ரோக் வந்த கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். மைத்துனர் இப்போது எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. அதற்கடுத்த நாள் மூன்று வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். நாற்காலியில் இவர், சுற்றி அவர்கள். வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரை எதிரே உட்காரவைத்து விசாரித்த மனிதர், தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பைப் பார்த்தபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் "போலாமா?" என்றேன்.

"வேண்டாம்."

"ஏங்க, அவங்க சேர் கொடுத்தா என்ன? உட்கார்ந்துட்டு எழுந்து வரவேண்டியதுதானே?"

"பெஞ்சுன்னா எதுவும் கேக்காது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நல்லது செய்கிறவர்கள்மேல் கோபப்பட முடியாததால் இவர்மேல் கோபப்பட்டேன். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. இவர் ஹாலுக்குள்ளேயே நடந்தார், டிவியிலிருந்து ஃபிரிட்ஜ் வரை, ஃபிரிட்ஜிலிருந்து டிவி வரை. பிசியோ பெண் வந்து திட்டினாள். என்னைக் கூப்பிடும் குரலும் மாறிப்போனது. முன்பெல்லாம் "ஏய், கண்ணாடி எங்கே?" என்று அதிகாரமாகக் கேட்பவர், "கொஞ்சம் வரியாம்மா, சிரமம் இல்லேன்னா" என்று கேட்க ஆரம்பித்தார். அந்தச் 'சிரமம் இல்லேன்னா' என்னை அரித்துத் தின்றது.

இந்தச் சமயத்தில்தான் மழைநீர் வடிகால் வந்தது. மண் தோண்டும் இயந்திரம் ஒரு காலையில் வந்து இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டியது. வெளியே நிறுத்தியிருந்த கார்கள் வெளியிலேயே நின்றன, உள்ளே இருந்தவை உள்ளேயே நின்றன. பலகைப் பாலத்தின்மேல் நடந்து பால் வாங்கினோம். பிறகு கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, மேலே சிலாப் போட்டு மூடினார்கள். மூடி முடித்துப் பார்த்தால் வடிகால் தெருவைவிட முழங்கால் உயரத்துக்கு மேலே நின்றது. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, இரண்டு பக்கமும், ஒரே சீராக. மழைநீர் அதற்குள் போகவேண்டுமானால் ஏணி வைத்து ஏறித்தான் போகவேண்டும்.

வாட்ஸ்அப் குழு கொதித்தது. அவரவர் வாசலுக்குச் சாய்தளம் கட்டிக்கொண்டார்கள், ஒவ்வொன்றும் தெருவுக்குள் ஒவ்வொரு நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. எங்கள் வாசலிலும் கட்டினோம். சாய்தளத்தில் இறங்கும்போது இவர் விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அந்தக் கான்கிரீட்டைச் சபித்தவர்களில் நானும் ஒருத்தி.

ஒரு நாள் காலையில் காபியோடு வந்தால் ஹாலில் இவரைக் காணவில்லை. பாத்ரூமில் இல்லை. ஊன்றுகோலும் இல்லை. நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். நடுத்தெருவில், பாயச அம்மா வீட்டுக்கு முன்னால், வடிகால் சிலாப்பின்மேல் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் கால்களுக்கு நடுவே, கை இரண்டும் அதன்மேல். தண்ணீர் லாரிக்காரன் பின்னோக்கி எடுக்கப் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி அதே சிலாப்பில் ஒரு கொத்தனார் டீ குடித்துக்கொண்டிருந்தார். அதற்கும் தள்ளி சாப்பாட்டுப் பொட்டலப் பையன் ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாயச அம்மாவின் கேட் மூடியே இருந்தது. உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு நாற்காலி எதற்கு? யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

நான் அருகே போகாமல் திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் போனார், நடுத்தெரு வரை. மொட்டைமாடியில் எல்லாரும் கை தூக்கியும் கிடைக்காத பெஞ்சு, யாருக்கும் பிடிக்காத ஒரு வேலையால் தெரு நீளத்துக்குக் கிடைத்துவிட்டது. ஒரு வீடு தள்ளிப் போடுங்கள் என்று அதை யாரும் சொல்ல முடியாது. எந்தெந்தக் கூட்டம் வரும் என்று பயந்தார்களோ அந்தக் கூட்டமெல்லாம் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்துவிட்டு எழுந்து போனது.

ஆனால் சங்கம் சும்மா இருக்குமா? மாநகராட்சிக்கு அலைந்து திரிந்து பொறியாளர் ஒருவரை ஒரு சனிக்கிழமை காலையில் நேரில் பார்வையிட வரச்சொல்லியிருந்தார்கள். உயரத்தைக் குறைக்கவேண்டும், அதாவது கட்டியதை இடித்துத் தாழ்வாகக் கட்டவேண்டும் என்பது கோரிக்கை. "டீச்சர், நீங்கதான் பேசணும். நீங்க பேசினா ஒரு வெயிட் இருக்கும்" என்றார் செயலாளர். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வாசலும் பள்ளமாகத்தான் போயிருந்தது, மழை வந்தால் முதலில் குளமாகப் போவது எங்கள் முற்றம்தான். என்ன பேசவேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய் நின்றேன்.

பொறியாளர் சின்னப் பெண். கையில் அளவு டேப். பக்கத்தில் ஒப்பந்தக்காரரின் ஆள், நெற்றி முழுக்க வியர்வையோடு. தெருவே கூடியிருந்தது. செயலாளர் ஆரம்பித்தார். "மேடம், நீங்களே பாருங்க. இந்த ஹைட்ல கட்டினா இது யாருக்கு யூஸ்? ஒரே ஒரு ஆளுக்காவது யூஸ் இருக்கா? ஜஸ்ட் டெல் மி."

அவர் கை காட்டிய திசையில், பத்தடி தள்ளி, என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார். கூட்டம் தன்னைப் பற்றித்தான் பேசுகிறதோ என்று சந்தேகம் வந்திருக்கவேண்டும், முகத்தில் அந்தப் பழைய தணிக்கை அதிகாரிக் களை வந்தது. ஊன்றுகோலை ஊன்றி, ஒரு கையால் சிலாப்பை அழுத்தி எழுந்தார். எழுந்து, வீட்டுப் பக்கம் திரும்பாமல், எங்களை நோக்கி நடந்து வந்தார். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. பாயச அம்மா ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் இவர் அவரைத் தாண்டிவிட்டார். நாங்கள் நின்ற இடத்தையும் தாண்டி, மெயின் ரோட்டுப் பக்கமாகப் போனார். அந்தப் பக்கம் அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. இடது கால் இழுபட்டது. ஆனாலும் போனார்.

"நீங்க சொல்லுங்க மேடம்" என்றாள் பொறியாளர் என்னைப் பார்த்து.

ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "உயரம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"டீச்சர்?" என்றார் செயலாளர்.

"சரியாத்தான் இருக்கு. இடிக்க வேண்டாம்."

ஒப்பந்தக்காரரின் ஆள் என்னை மாதாவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நிலக்காரர் மட்டும், "டீச்சரே சொல்லிட்டாங்கோ, அப்புறம் இன்னா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பொறியாளர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். வேண்டுமானால் தெருவை உயர்த்தி வடிகாலுக்குச் சமமாக ரோடு போடலாம், எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்றாள். கூட்டத்துக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ரோடு உயர்ந்தால் வீடுகள் எல்லாம் பள்ளத்தில் இருக்கும் என்பதை மழை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இவர் உட்காரும் சிலாப் அப்போது தரையோடு தரையாகிவிடுமே. எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். டெண்டர் விடவேண்டும் என்றாள். அப்படியானால் அவசரமில்லை என்று நிம்மதியானேன்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் நழுவி இவர் பின்னால் போனேன். கிட்டே போகவில்லை. சலூனுக்கு இரண்டு படி. கதவுக் கம்பியைப் பிடித்து ஏறுவதைப் பக்கத்துக் காய்கறிக் கடையில் நின்று பார்த்தேன். உள்ளே சுழல் நாற்காலி கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

"இன்னா சார், ஆளையே காணோம்? ஊருக்கு எங்கனா போய்ட்டீங்களா?"

சலூன்காரரின் குரல். மூன்று நாளைக்கு முன்னால் எங்கள் பின்கட்டில் பெட்ஷீட்டைச் சுற்றி இவருக்கு முடி வெட்டிவிட்டுப் போன அதே மனிதர். வெட்டுவதற்கு இவர் தலையில் முடியே இல்லை.

"ஆமாப்பா. கொஞ்ச நாள் வெளியூர்" என்றார் இவர்.

இத்தனை வருடக் குடித்தனத்தில் இவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு ரூபாய்க் கணக்குக்கு ஊரையே தலைகீழாக்குகிற மனிதர். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தது எனக்குக் கேட்டது. தக்காளிக் கூடைக்கு முன்னால் நின்றுகொண்டு நான் அழுதேன். கடைக்காரப் பெண் வெங்காயக் கூடையைத் தள்ளி வைத்தாள், பாவம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது தப்பாகிவிட்டது. கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ எதுக்கு இங்க வந்தே?"

சிரமம் இல்லேன்னா என்று கேட்கவில்லை. கண்ணாடி எங்கே என்று கேட்கிற அதே குரல். ஒரு வருடமாக நான் ஏங்கிக்கிடந்த எரிச்சல் அது.

"கொத்தமல்லி வாங்க வந்தேன்."

"வாங்கிட்டுப் போ. நான் வர லேட்டாகும்."

கொத்தமல்லி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கூட்டம் இன்னும் கலையவில்லை. நான் தாண்டும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இனி சங்கத்தில் என் பேச்சுக்கு வெயிட் இருக்காது. செயலாளர் என்னைப் பார்க்காததுபோல போனைப் பார்த்தார். அதற்கும் நான் கவலைப்படவில்லை.

அவர் தனியாகத் திரும்பி வரட்டும் என்று திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தேன் என்று எழுத ஆசைதான். வீட்டுக்குள் நுழைந்து, கேட்டைச் சாத்தி, கேட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, கம்பி வழியாகத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் கொத்தமல்லி வாடியது. வெயில் ஏறியது. ரொம்ப நேரம் கழித்து, வழவழவென்று சவரம் செய்த முகத்தோடு, தெருமுனையில் அவர் தெரிந்தார். நடுத்தெரு வரைக்கும் வந்து சிலாப்பில் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் உள்ளே போய் உலை வைத்தேன்.